வீரய்யாவின் இடது கையும் கரண்ட் காரும்

வீரய்யா என் தங்கை பேச்சியம்மாவின் புருஷன். அதற்கு முன்னாலேயே எங்கள் அப்பாவின் ஒன்றுவிட்ட அக்காள் மகன். ஆகவே எந்த வழியில் எண்ணினாலும் எனக்கு மச்சான்தான். என்னைவிடப் பதினொரு வயது இளையவன் என்பதால் நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அவன் கார் வாங்கப் போன கதையை இங்கே எழுதுகிறேன். அந்தக் காரில் எனக்கு விளங்கியது கொஞ்சம், விளங்காதது நிறைய. விளங்கின அளவுக்கு எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் டயகமப் பக்கம், ஆற்றுக்கு மேலே இருக்கிறது. நாங்கள் இருக்கிற மேல்பிரிவு லயத்திலிருந்து, ஒட்டிக் கட்டின அந்த வரிசை வீடுகளிலிருந்து, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு இருபத்து நாலு மைல். முதல் ஆறு மைல் பாலம் வரைக்கும் ஒரே இறக்கம். பாலத்தைத் தாண்டினால் பெரும்பாலும் ஏற்றம். இந்த வழி எங்களுக்கு மனப்பாடம். பேச்சியம்மாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யாமல் போய் நாலாவது வருஷம் நடக்கிறது. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலை எட்டு மணிக்கு அவளை மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். எட்டு மணிக்கு ஆள் இல்லையென்றால் அந்த மெஷினுக்கு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர்களும் பாவம், காத்திருக்கிற சனம்.

வீரய்யாவிடம் ஓர் ஆட்டோ இருந்தது. தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கியது. அதில்தான் அவளை ஏற்றி இறக்குவான். பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற வருஷம் இருக்கிறதே, அந்த வருஷம் அவளுக்கு இரண்டு முறை மெஷின் தப்பிப்போயிற்று. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூச்சு வாங்கி, கடைசியில் கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு நடுவே பாயைப் போட்டுக் கொண்டுபோனோம். பிழைத்தாள். இனி அடுத்தடுத்து இரண்டு முறை தப்பினால் பொறுப்பில்லை என்று டொக்டர் சொன்னார். அன்றைக்கு வீரய்யா முடிவு பண்ணினான், ஒரு வண்டியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று. அவனுடைய ஆட்டோவும் இப்போது குளிர் நாளில் பத்து உதை உதைத்தால்தான் எழும்புகிறது.

மகள் பிரேமினி கொழும்பில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அவள்தான் போனில் இந்த யோசனையைச் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"கரண்ட் கார் ஒண்ணு பழசாப் பாத்து வாங்குவோம்ப்பா. பெற்றோலே வேணாம். வீட்டுல குத்தி வச்சா ஓடும்."

"கரண்ட் போச்சுன்னா?" என்றான் வீரய்யா.

"அதுக்குத்தான் ஆட்டோ இருக்கே. ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு."

"பெற்றோலும் இல்ல, கரண்டும் இல்லன்னா?"

பேச்சியம்மா குறுக்கே விழுந்தாள். "அப்ப என்னையப் பாடையில வச்சுத் தூக்கிட்டுப் போங்க. அதுக்கு ரெண்டுமே வேணாம்."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு புள்ள," என்றான் வீரய்யா. ஆனால் அன்று இரவு முழுக்க அவன் கரண்ட் காரைப் பற்றித்தான் யோசித்திருக்கிறான். காலையில் என்னிடம் வந்து, "மச்சான், எஞ்சின் இல்லாத வண்டி எப்படி மச்சான் ஏற்றம் ஏறும்?" என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும்? நான் தேயிலைப் பெக்டரியில் சல்லடை மெஷினுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவன். அதுவும் கரண்டில்தான் ஓடிற்று. ஆனால் அது இருந்த இடத்தைவிட்டு நகரவில்லையே.

முதல் காரைக் கம்பளையில் ஒரு வண்டி வியாபாரியின் முற்றத்தில் பார்த்தோம். நாங்கள் மூன்று பேரும் போனோம். பேச்சியம்மாவை வீட்டில் இருக்கச் சொன்னதற்கு, "என் உசுருக்கு வாங்குற வண்டி, நான் பாக்க வேணாமா?" என்று முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாள். வெள்ளை நிறத்தில் பளபளவென்று நின்றது கார். வியாபாரி சிங்களவர், நல்லாச் சிரித்துப் பேசினார். உள்ளே ஒரு பொத்தானை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து வீரய்யா இறங்கி முன்மூடியைத் திறக்கப் போனான். ஸ்டார்ட்டில்தான் இருக்கிறது என்றார் அவர். நான் காரில் காதை வைத்துப் பார்த்தேன். செத்தவன் நெஞ்சு மாதிரி இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே ஒரு திரை. அதில் ஓரமாகப் பெரிய கோடுகள் ஒரு வரிசை, அதை ஒட்டிச் சின்னக் கோடுகள் ஒரு வரிசை. பிரேமினி போனில் விளக்கினாள்.

"பெரிய கோடு இப்ப எவ்வளவு கரண்ட் இருக்குன்னு காட்டும்ப்பா. சின்னக் கோடு பெட்டரி எவ்வளவு நல்லாருக்குன்னு காட்டும். புதுசுல பன்னெண்டு. பழசாகப் பழசாகக் குறையும்."

"அப்ப ஒண்ணு வயிறு, ஒண்ணு ஆயுசு," என்றாள் பேச்சியம்மா.

"அப்படியும் சொல்லலாம்மா."

வீரய்யா கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். பெரியது பன்னிரண்டு, சின்னது ஏழு. "வயிறு நெறஞ்சிருக்கு. ஆனா வயிறே சின்னதாப் போச்சு. அப்படித்தானே? அப்ப இது அரைப்பேர் வண்டி," என்றான். தோட்டத்தில் பறிக்க வேண்டிய கிலோவைப் பறிக்காதவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், அரைநாள் சம்பளம். எங்களுக்கு அதுதான் அளவுகோல்.

அதற்குள் பிரேமினி இன்னொரு குண்டைப் போட்டாள். சில இடங்களில் அந்தச் சின்னக் கோடுகளை மாற்றியும் வைப்பார்களாம். ஏழு கோட்டை ஒரே நாளில் பன்னிரண்டாகக் காட்டவும் வழியிருக்கிறதாம்.

"ஆயுசுக் கோட்டையே மாத்தலாமா?" என்று வீரய்யா மலைத்துப் போனான்.

"அப்படின்னா டொக்டருகிட்டச் சொல்லி எனக்கும் ரெண்டு கோடு கூடப் போடச் சொல்லுங்க," என்றாள் பேச்சியம்மா. வியாபாரிக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். ஏழு என்று காட்டினவர் நேர்மையான மனுஷனா, உள்ளே ஐந்தை வைத்துக்கொண்டு ஏழு என்று காட்டுகிறவரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் காசைப் போட வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டோம்.

இரண்டாவது கார் நாவலப்பிட்டியில். நாங்கள் போய்ச் சேருவதற்குள் விற்றுப்போயிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது கார் ஹட்டனில் சூசைரட்ணம் சேருடையது. சேர் பள்ளிக்கூடத்தில் சமயமும் சங்கீதமும் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மகன் றொக்சன் கனடாவில் இருக்கிறான், அவனிடம் போவதற்காகக் காரை விற்கிறார் என்று பிரேமினி போனில் விளம்பரம் பார்த்துச் சொன்னாள். பேரைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டிற்று. எங்கள் கீழ்ப்பிரிவில் கடைசி லயத்தில் இருந்த லூர்தம்மா அக்காவின் மகன் பேரும் சூசைரட்ணம்தான். வீரய்யா பிறந்த மாசத்திலேதான் அவனும் பிறந்தான். வீரய்யாவின் அம்மா பிரசவத்தோடு காய்ச்சல் கண்டு பதினைந்து நாள் எழும்ப முடியாமல் கிடந்தாள். அப்போது லூர்தம்மா அக்காதான் இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். பிள்ளையைத் துணியில் சுற்றி மேல்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். பிறகு அவர்கள் ஹட்டனுக்குக் குடிபோய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சேர் வீட்டுக்கு வந்த நேரம் நாங்கள் போய் நின்றோம். நான் லூர்தம்மா பேரைச் சொன்னேன். சேர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு வீரய்யாவைப் பார்த்தார். "அம்மா சாகுற வரைக்கும் சொல்லுவா, மேல்பிரிவுல எனக்கு இன்னொரு மகன் இருக்கான்னு," என்றார். அதன் பிறகு சின்னக் கோடுகளைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒன்பது இருந்தது. சேர் ஒன்பது என்றால் ஒன்பதுதான்.

வீரய்யா கேட்ட முதல் கேள்வி, "சேர், இதுல நியூட்ரல் எங்க இருக்கு?"

கியர்க் கம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உருண்டைதான் இருந்தது. அதை இடது பக்கம் தள்ளிப் பிடித்தால் நியூட்ரல் என்று சேர் காட்டினார். வீரய்யா தலையாட்டிக்கொண்டான்.

சேரே ஓட்டினார். வீரய்யா பக்கத்தில், நானும் பேச்சியம்மாவும் பின்னால். ஹட்டனிலிருந்து வட்டவளைப் பக்கமாக இறங்கினோம். சேர் மிகவும் மெதுவாகப் போனார். இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். கிளம்பும்போது திரையில் அறுபத்தொன்று என்று இருந்தது. நூறு என்றால் நிறை வயிறு என்று சொல்லியிருந்தார். கீழே போய் நிறுத்தினபோது அறுபத்து மூன்று.

வீரய்யா திரையைத் துடைத்துப் பார்த்தான். "சேர், இது பிழையாக் காட்டுது."

"பிழையில்ல வீரய்யா. இறக்கத்துல சக்கரம் சுத்துற வேகத்துல பெட்டரிக்குள்ள கரண்ட் போகுதாம். மகன் சொன்னான்."

"அப்ப ஏற்றத்துல?"

"ஏற்றத்துல செலவாகும்."

"எறங்குனா ஏறுது. ஏறுனா எறங்குது," என்றான் வீரய்யா. பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான், நம்ம ரோட்டுல பாலம் வரைக்கும் ஆறு மைல் எறக்கம்," என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

சேர் காரை உடனே வாங்கச் சொல்லவில்லை. இரண்டு நாள் கொண்டுபோய் உங்கள் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள் என்றார். சனிக்கிழமை கண்டியிலிருந்து ஒருவர் வருகிறார், அதற்குள் வெள்ளிக்கிழமை முடிவு சொன்னால் போதும் என்றார். புதன்கிழமை நானும் வீரய்யாவும் பஸ்ஸில் போய்க் காரை எடுத்தோம். கொடுக்கும்போது சேர் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

கிளம்பும்போது தொண்ணூற்றிரண்டு. ஏற்றத்தில் குறைந்தது, அது சரி. இறக்கம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ரோட்டைக்கூடப் பார்க்காமல் திரையைப் பார்த்தோம். எண் அசையவில்லை. அடுத்த இறக்கத்தில் ஒன்று குறைந்தது. மூன்றாவது நல்ல செங்குத்தான இறக்கம், பஸ்காரன்கூட ஹோர்ன் அடித்துக்கொண்டு இறங்குகிற இடம். அதிலும் ஒன்றும் ஏறவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தினபோது நாற்பத்தாறு.

வீரய்யா சேருக்குப் போன் எடுத்தான். "சேர், நீங்க ஓட்டுனா ஏறுது. நான் ஓட்டுனா ஏறுதில்ல."

"நான் ஒண்ணும் விசேஷமாப் பண்ணலியே வீரய்யா. சும்மா பிடிச்சுக்கிட்டு இருப்பேன், அது பாட்டுக்குப் போகும்."

சேருக்கும் குழப்பம். பிரேமினியைக் கேட்டோம். அவள் ஏதேதோ படித்துவிட்டு, டயரில் காற்றுக் குறைவாக இருக்கலாம், குளிராக இருக்கலாம், பாரமாக இருக்கலாம் என்று அடுக்கினாள். பாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் போனோம், புதன்கிழமை இரண்டே பேர். குளிர் என்றால் இரண்டு நாளும் ஒரே குளிர்தான்.

அதே லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற வேலாயி எட்டிப் பார்த்தாள். அவள் எங்கள் சின்னம்மா மகன் பெண்சாதி, வாய் கொஞ்சம் நீளம். "பசு மாடு கூட கறக்குற கைய மாத்துனா பால அடக்கிக்கிரும். இது வாத்தியார் கைக்குப் பழகுன வண்டி, உங்க கைக்கு அடக்குது," என்றாள்.

"வண்டிக்கு ஏதும்மா கையும் காலும்?"

"ஜெபமாலைய வேற கழத்திட்டாருன்னு சொல்றீங்க. பெறகு எப்படி ஏறும்?"

வீரய்யா சிரித்தான். ஆனால் சிறிது நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசுவது எனக்குக் கேட்டது. "சேர், தப்பா நினைக்காதீங்க, அந்த ஜெபமாலைக்கும் கரண்டுக்கும் ஏதும்..." சேர் என்ன சொன்னார் என்று அவன் எங்களுக்குச் சொல்லவில்லை.

சாயந்தரம் ஐந்து மணிக்குக் காரை வாசல் பிளக்கில் குத்தினோம். மின்சார வேலை தெரிந்த ஒருவரை வைத்து அதற்கென்று தடித்த வயர் முன்கூட்டியே இழுத்திருந்தோம். எண் மெல்ல ஏறிற்று. ஆறரைக்கு வேலாயி மறுபடியும் வந்தாள். "அண்ணே, உங்க காரு எங்க டீவியக் குடிக்குது. படம் சுருங்கிச் சுருங்கி வருது. நாடகம் முடியிற வரைக்கும் கழத்தி வைங்க."

வீரய்யா கழற்றினான். நாடகம் முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழையில் கரண்ட்டைத் தொடாதே என்று அவன் அப்பா சின்ன வயதில் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தது. மழை விட்டதும் குத்தலாம் என்று உட்கார்ந்திருந்தவன் அப்படியே தூங்கிவிட்டான்.

விடிந்தது வியாழக்கிழமை.

அன்றைக்கு ஆட்டோவில்தான் போவதாக இருந்தது. "என் கைக்கு வராத வண்டிய நம்பி இவள ஏத்த மாட்டேன் மச்சான். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் குடுத்துருவோம். கண்டிக்காரன் எடுத்துக்கட்டும்," என்று முதல் நாளே சொல்லிவிட்டான். ஐந்தரைக்கு ஆட்டோவை உதைத்தான். இருபது உதை. நானும் தள்ளினேன். வேலாயியின் புருஷன் வந்து தள்ளினான். வீரய்யா ஆட்டோவின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டான். ஆட்டோ இருமினது, அவ்வளவுதான். ஆறு மணி ஆகிவிட்டது. முதல் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறினால் ஒன்பதரைக்குத்தான் நுவரெலியா. திங்கட்கிழமை மெஷின் பழுதென்று அவளைப் பாதியில் இறக்கியிருந்தார்கள். கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது.

பேச்சியம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். "அந்தா நிக்குதே ஒண்ணு, அதுல போவோம்," என்றாள்.

கார் திரையில் ஐம்பத்தெட்டு. வீரய்யா வாய்க்குள் கணக்குப் போட்டான். ஹட்டனிலிருந்து வர நாற்பத்தாறு செலவு. நுவரெலியாவுக்கு ஏற்றம் அதைவிடக் கூட. பத்தும், பத்தாது, இரண்டும் ஒன்றாய் இருந்தது. நடுவில் நின்றுவிட்டால் அந்த ரோட்டில் தள்ளுவதற்குத் தேயிலைச் செடிதான் இருக்கிறது.

"ஏறு," என்றான்.

பின்னால் கால் நீட்ட முடியாதென்று அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறினேன். இறக்கம் தொடங்கிற்று. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மாரியம்மன் கோயில் வளைவு. ஐம்பத்தெட்டு ஐம்பத்தேழாயிற்று. வீரய்யாவின் கழுத்தில் வேர்வை வடிந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தடியில் ரோடு கொஞ்சம் சமமாகி, மறுபடியும் இறங்கியது.

"ஏங்க," என்றாள் பேச்சியம்மா. "அந்த உருண்டைய என்னா பண்றீங்க?"

"எந்த உருண்டைய?"

"கை வச்சிருக்கீங்களே, அதத்தான். எறக்கம் வந்தா தள்ளுறீங்க. மேடு வந்தா இழுக்குறீங்க."

"நியூட்ரல்ல விடுறேன். எறக்கத்துல பின்ன எவன் கியர்ல போவான்?"

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். வீரய்யா பதினாறு வயதில் கொழுந்து லொறியில் கிளீனராக ஏறினவன். அப்போது டிரைவராக இருந்த சின்னத்தம்பி அண்ணன் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். தோட்டத்துத் தொரை அளந்துதான் டீசல் கொடுப்பார். ஆகையால் இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிவிட வேண்டும், அந்த டீசல் ஏற்றத்துக்கு மிஞ்சும். பிரேக் பிடிக்காமல் போனால் ஆபத்து என்று போலீஸ் சொல்லும். ஆனால் எங்கள் ரோட்டில் வேறு மாதிரி ஓட்டின டிரைவரை நான் கண்டதில்லை. முப்பத்தொன்பது வருஷம் லொறியில், பிறகு ஆட்டோவில். அவன் மூளை அதைச் செய்யவில்லை, கைதான் செய்தது. புதன்கிழமை முழுக்க நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் கண்ணிலும் படவில்லை. மூச்சு விடுகிறவனைப் பார்த்து ஏன் மூச்சு விடுகிறாய் என்று யாராவது கேட்பார்களா?

பேச்சியம்மா கேட்டாள். அவள் லொறியில் முன்னால் உட்கார்ந்தவள் இல்லை. ஆட்டோவில் எப்போதும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தவள்.

"சேர் அதத் தொடவே இல்லியே," என்றாள். "ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்க புடிச்சுக்கிட்டே வந்தாரு. நான் பின்னுக்கு இருந்து பாத்தேன், கோயில்ல பைபிளப் புடிக்கிற மாதிரி."

"அவரு வாத்தியாரு. அவருக்கு என்னா வண்டி ஓட்டத் தெரியும்?"

"அவரு ஓட்டுனாத்தானே ஏறுது."

அடுத்த இறக்கம் வந்தது. அவன் கை தானாக உருண்டைக்குப் போயிற்று.

"அந்தா போவுது பாருங்க," என்று சொல்லிக்கொண்டு அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் வலது கை மேலே வைத்துக்கொண்டாள். அந்தக் கையில்தான் மெஷினுக்காக இரத்த நரம்பை வெட்டி இணைத்திருக்கிறார்கள். அதை அழுத்தக் கூடாது, சும்மா தொடலாம். தொட்டால் உள்ளே இரத்தம் விர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரியும். அது ஓடுகிறதா என்று தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருக்கிறாள். அன்றைய அவசரத்தில் யாரும் பார்த்திருக்கவில்லை.

"ஓடுது," என்றான் வீரய்யா.

"ஓடாம? ரோட்டப் பாருங்க."

கார் முன்னைப்போல் பறக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து மெதுவாக இழுத்துப் பிடிக்கிற மாதிரி இறங்கிற்று. வீரய்யாவுக்கு அது பிடிக்கவில்லை என்று அவன் தோளிலேயே தெரிந்தது. ஓர் இறக்கத்தைப் பாழாக்குகிறோம் என்று அவன் உடம்பு முழுக்கச் சொல்லிற்று. அரை மைல் போயிருப்போம்.

"ஐம்பத்தெட்டு," என்றேன் நான்.

தண்ணிப்பீலி வளைவில் ஐம்பத்தொன்பது. பாலத்துக்கு வந்தபோது அறுபது.

வீரய்யா பாலத்தில் காரை நிறுத்தினான். நிறுத்த நேரமில்லை, ஆனாலும் நிறுத்தினான். "சும்மா இருந்தா ஏறுது மச்சான்," என்றான். "நான் மிச்சம் புடிக்கிறேன், மிச்சம் புடிக்கிறேன்னு பாழாக்கியிருக்கேன். இது என்னா நாயம்?"

"நாயத்தப் பெறகு கேப்போம். மணி ஆறே முக்கால்," என்றாள் பேச்சியம்மா.

ஏற்றத்தில் எண் விழுந்த விதத்தை எழுத எனக்கு மனசில்லை. நானு ஓயாவுக்கு மேலே ஓர் இடத்தில் திரை மஞ்சளாகி ஏதோ எழுதிக் காட்டிற்று, இங்கிலீஷில். எங்கள் மூன்று பேருக்கும் வாசிக்கத் தெரியாது. நல்ல காலம். அதற்குப் பிறகு வந்த ஒரு சின்ன இறக்கத்தில் மட்டும் வீரய்யா, எங்களைக் கேட்காமலே, இடது கையை எடுத்து அவள் கை மேல் வைத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் பத்து என்று இருந்தது. மணி எட்டுக்கு ஏழு நிமிஷம். மிஸ்ஸி வாசலில் நின்று, "அம்மா, இன்னைக்கு எதுல வந்தீங்க?" என்றாள். "சும்மா இருந்தா ஓடுற வண்டியில," என்றாள் பேச்சியம்மா. மிஸ்ஸிக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஹோட்டல்காரரிடம் கேட்டுக் காரை அவர் சுவரில் குத்தினோம். அவள் மெஷினில் கிடந்த நாலு மணி நேரமும் கார் சுவரில் கிடந்தது. வீரய்யா அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே இருந்தான். இங்கே வந்து எண்ணைப் பார்ப்பான், அங்கே போய்க் கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்ப்பான். நான் இரண்டு டீ குடித்தேன்.

வெள்ளிக்கிழமை சேர் வீட்டுக்குப் போய், நியூட்ரலில் விட்டால் சக்கரம் சும்மா சுற்றுகிறது, கரண்ட் ஏறவில்லை என்று விஷயத்தைச் சொன்னோம். சேர் வாயைப் பிளந்தார். "நியூட்ரலா? அந்த உருண்டையைத் தொட்டா எங்க வண்டி பின்னால போயிருமோன்னு நான் பயந்துக்கிட்டே ஓட்டுவேன் வீரய்யா. அதான் தொடுறதில்ல," என்றார். ஓட்டத் தெரியாததால் சேருக்குக் கரண்ட் ஏறியிருக்கிறது. ஓட்டத் தெரிந்ததால் வீரய்யாவுக்கு ஏறவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

காரை வாங்கியாயிற்று. சேர் அந்த ஜெபமாலையையும் வீரய்யாவிடமே கொடுத்துவிட்டார், அம்மா ஞாபகமாக இருக்கட்டும் என்று. பேச்சியம்மா அதற்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் கயிறு ஒன்றைக் கட்டினாள். ஆட்டோவையும் திருத்தி வைத்திருக்கிறான். வேலாயியோடு பேசி, நாடகம் முடிந்த பிறகுதான் காரைக் குத்துவது என்று ஏற்பாடு. மழைக்குத் தகரத்தில் ஒரு கூரை போட்டிருக்கிறான்.

போன வியாழக்கிழமையும் நான் கூடப் போனேன். மாரியம்மன் கோயில் வளைவில் அவன் கை எழும்பிற்று, பாதி வழியில் நின்று, அவள் கைக்குப் போயிற்று.

"இன்னும் பழகல்லியா மாப்பிள்ள?" என்றேன்.

"பழகிருச்சு மச்சான். இது ஓடுதான்னு பாக்குறேன்."

"காருக்குப் பாக்குறாரா, எனக்குப் பாக்குறாரான்னு கேளுங்கண்ணே," என்றாள் பேச்சியம்மா.

அவன் கையை எடுக்காமல் ஓட்டினான். அவனுக்கும் அது குழப்பமாக இருந்திருக்கும்.